உன் மாடிப்படியும் என் முழங்காலும்

அடி ஞானம், சண்டைக்கு ஆள் இல்லாமல் என்னை விட்டுப்போன என் தங்கமே,

உன் மகன் ஜெபராஜ் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். வருகிற மகரத்தில், அதாவது தையில், நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சபையில் நினைவு ஜெபம் வைக்கிறானாம், கூடவே சின்னதாக ஒரு மலரும் அச்சடிக்கிறானாம். "பெரியம்மா, அம்மாவப் பத்தி ரெண்டு வரி எழுதித் தாங்க" என்றான். உன்னைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு வராது, எழுதினால் உனக்குத்தான் எழுதுவேன், வேண்டுமானால் மற்றவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். இந்தப் பெரியம்மாவின் ரெண்டு வரி எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாதா?

முதலில் சந்துச் செய்தி. உன் வாசல் முருங்கை விழுந்துவிட்டது. ஜூன் மாச இடவப்பாதி மழைக்காற்றில் என் சமையலறை மேல் இருந்த ஷீட் பறந்து போய் அடுத்த வீட்டுக் கிணற்று மேல் உட்கார்ந்தது. புது ஷீட் போட்டாயிற்று, ஒழுகல் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. விசாலத்துக்கு மூச்சு இழுப்பு குறையவில்லை, மருந்துதான் மாறியிருக்கிறது. எனக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிற நம் அனிலுக்குப் பெண் பார்க்கிறார்கள். கால்வாயைத் தூர் வார ஆட்கள் வந்தார்கள், வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள், அடுத்த மழையில் சேறு தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. நீ இருந்திருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருப்பாயா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். இந்த மலையாள நாட்டுப் பட்டணத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், கால்வாயை நோக்கிச் சரிந்து இறங்குகிற சந்து நம்முடையது. நான் திருநெல்வேலிக்காரி, இங்கே வத்தல் மொத்த வியாபாரம் செய்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நீ பாறசாலைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, சந்தின் மேட்டில் ஒரு மாடி வீடு கட்டியவள். விசாலம் ஸ்ரீவராகத்து அக்ரஹார வீட்டை விற்றுவிட்டு, இங்கே வாடகைக்கு வந்தவள். மூன்று பேருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். மூன்று பேரின் பிள்ளைகளும் வெளியூரில். மூன்று பேருக்கும் மாத்திரை டப்பா உண்டு.

மழை வலுத்தால் கால்வாய்த் தண்ணீர் முதலில் என் வீட்டுக்குள் வரும், அடுத்து விசாலம் வீட்டுக்கு. உன் மாடிக்கு மட்டும் வராது. அதனால் டி.வி.யில் ஆரஞ்சு அலர்ட் என்று சொன்னால் போதும், சந்துக்காரர்கள் எல்லாருக்கும் உன் மாடிதான். அதற்கு நீ ஒரு முறை வைத்திருந்தாய். சாமான் முதலில், ஆள் அப்புறம். காலையிலேயே அரிசி, அடுப்பு, மருந்து, பாய், விசாலத்தின் இழுப்புக்கான நெபுலைசர் மிஷின் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனில் கையில் மாடிக்கு அனுப்பிவிட வேண்டும். அப்புறம் வீட்டைப் பூட்டி, மத்தியானத்துக்குள் ஆட்கள் ஏற வேண்டும்.

ஆட்கள் ஏறினார்களா என்று நீ போனில் கேட்கமாட்டாய். குடையைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக வந்து நிற்பாய். டயாலிசிஸ் முடித்து, கையில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிய நாளிலும் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தாயே. நான் கத்தினேன். "கிட்னி போனவ படுக்கணும்ட்டி, ஊர் சுத்தக்கூடாது."

"போன்ல எல்லாரும் சொகந்தான் அக்கா. மொகத்தப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்றாய். "செருப்பப் போடுங்க, கெளம்புங்க."

உன் மாடிப்படி எனக்கு எமன். வெளிப்பக்கமாக ஏறி, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி மேலே போகிற படி. திருப்பம் வரை எப்படியாவது வந்துவிடுவேன், அங்கே என் வலது முழங்கால் பூட்டிக்கொள்ளும். நீ பின்னால் நின்று இரண்டு கையாலும் என் இடுப்பைத் தள்ளுவாய். "ஏறுங்க அக்கா, பொறத்த நான் இருக்கேம்லா. விழுந்தா எம்மேலதானே விழுவிய." உன் உடம்பில் என்ன பலம் இருந்தது? என் பாதி எடைகூட இருக்கமாட்டாய். ஆனாலும் நான் ஒரு தடவைகூட விழவில்லை.

முட்டு மாற்றுகிற ஆபரேஷனுக்கு நீ என்னைக் கூட்டிப் போனதை மறந்திருக்கமாட்டாய். நான் போக மாட்டேன் என்றேன், ஆட்டோவில் பிடித்துத் தள்ளினாய். அங்கே சீட்டு எழுதுகிற பெண் என்ன உபத்திரவம் என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு கண் வலி என்று சொல்லிவிட்டேன். கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, நல்ல கண்ணைக் காட்டிவிட்டு, சொட்டு மருந்தோடு திரும்பி வந்தோம். வழி முழுக்க நீ பேசவில்லை. சந்து முனையில் இறங்கும்போதுதான், "அந்த மருந்த முட்டுல விடுங்க" என்றாய்.

அப்புறம் நீ போனாய். எப்படிப் போனாய் என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் கை ஓடாது.

நீ இல்லாமல் வந்த முதல் இடவப்பாதியில் நடந்த கூத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கடலில் என்னவோ சுழன்றுகொண்டிருக்கிறது என்றார்கள், அலர்ட் போட்டார்கள், பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அனிலின் அம்மா வித்துராவில் மகள் வீட்டில் இருந்தாள். சந்தில் பாதிப்பேர் முந்தின நாளே சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நானும் விசாலமும் உன் முறை தவறாமல் சாமான்களை மூட்டை கட்டி அனிலிடம் கொடுத்தோம். அரிசி போயிற்று, அடுப்பு போயிற்று, என் மாத்திரை டப்பா போயிற்று, அவள் நெபுலைசர் போயிற்று.

மத்தியானம் விசாலம் போன் செய்தாள். "கோமதி, மாடிக்குப் போயிட்டியோ?"

"போயிட்டேன், போயிட்டேன். ஜன்னல்கிட்டதான் இருக்கேன். நீ எப்ப வார?"

"நான் எங்க அண்ணா ஆத்துக்கு வந்துட்டேன்டி. கரமனைல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. என்னை நெனச்சுக் கவலப்படாதே."

அப்புறம் ஜெபராஜ் கூப்பிட்டான். மாடியில்தானே இருக்கிறீர்கள் என்றான். ஆமா மக்களே, எல்லாரும் சொகம் என்றேன். மதுரையிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா? என் வீட்டுக் கட்டிலில், காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்து என் செருப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. படி ஏற முடியாது என்று யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை. சொன்னால் ஆளாளுக்குப் பதறுவார்கள், விசாலம் தன் இழுப்போடு என்னைத் தள்ள வந்து நிற்பாள். எத்தனை மழை பார்த்தாயிற்று, இதுவும் வடிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன். விசாலத்தின் குரல் பாதிதான் வந்தது, மீதி மூச்சு.

"கோமதி, என்னோட மிஷின் அங்க மாடில இருக்கோன்னோ. அனில்கிட்ட குடுத்து அனுப்பறயா?"

"கரமனைக்கா? இந்த மழைலயா?"

"இல்லடி. நான் ஆத்துலதான் இருக்கேன்."

"எந்த ஆத்துல?"

"எந்த ஆத்துலன்னா, என் ஆத்துல. அண்ணாவுக்கே உடம்பு சரியில்லை, அங்க போய் அவாளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு போகலை. நீ மேல இருக்கியே, சீக்கிரம்டி."

"விசாலம், நானும் என் வீட்டுலதான் இருக்கேன்" என்றேன். அப்புறம் இழுப்புக்கு நடுவே அவள் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மூச்சுமுட்டலா என்று எனக்குத் தெரியவில்லை, பயந்துவிட்டேன். அரிசியும் அடுப்பும் மருந்தும் பத்திரமாக மாடியில் இருந்தன. அவற்றைத் தின்ன வேண்டிய இரண்டு கிழவிகளும் பொய் சொல்லிவிட்டுக் கீழே தண்ணீரில் இருந்தோம்.

அனிலைக் கூப்பிட்டேன், போன் எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கினேன். கணுக்காலுக்கு மேலே தண்ணீர், அதில் சேறு வேறு. கம்பை ஊன்றிச் சந்தைக் கடந்து உன் படியைப் பிடித்தேன். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து ஏறினேன். உன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறினேன். திருப்பம் வந்தது. முழங்கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேலே பார்த்தால் உன் அறைக் கதவு தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. அந்த மழையில் நின்று, தொண்டை கிழிய "அனிலே, அனிலே" என்று கூப்பிட்டேன்.

சந்து முனையில் ஆட்டோ மிதந்து போகாமல் இருக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் பதறி, "அம்மே, அவிடெ இருந்தோ, அனங்கண்டா" என்றான். அசையாமல் அங்கேயே உட்காரச் சொல்கிறான். "என்ன விடுடா, விசாலத்தப் போய்ப் பாரு" என்றேன். மிஷினை எடுத்துக் கீழே கொண்டுபோயும் பிரயோஜனம் இல்லை, சந்து முழுக்கக் கரண்டு போயிருந்தது. இன்வெர்ட்டர் உன் மாடியில் மட்டும்தான் உண்டு. டயாலிசிஸ் நாட்களில் உனக்குக் காற்றாடி நிற்கக்கூடாது என்று ஜெபராஜ் வாங்கி மாட்டியது. அனிலும் இன்னொருவனும் விசாலத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பல்லக்கு மாதிரித் தூக்கி வந்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என்னைத் தாண்டும்போது விசாலம் கண்ணைத் திறந்து, "ஜன்னல்கிட்ட இருக்கேன்னயே, பாவி" என்றாள். உதடு நீலமாக இருந்தது.

மேலே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் நான் மூச்சு விட்டேன். அனில் இறங்கி வந்து, உங்களையும் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். வேண்டாம், முட்டு வலிக்கும் என்றேன். ஒரு குடையை மட்டும் வாங்கிக்கொண்டு, தண்ணீர் வடிகிறவரை உன் படித்திருப்பத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசாலம் மேலே, நான் நடுவில். அந்தச் சாயந்திரம் உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஏன் போனாய் என்று கேட்டுக் கேட்டு அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் குடையோடு படியில் உட்கார்ந்திருந்ததை அனில் வீடியோ எடுத்திருக்கிறான், அது ஷார்ஜா வரை போய்விட்டது. மறுநாளே ஜெபராஜ் கூப்பிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"பெரியம்மா, மாடில இருக்கோம்னு எங்கிட்டயே சொன்னிய. நான் நம்பிட்டுப் படுத்துத் தூங்குனேன்."

"தப்புதான் மக்களே."

"அம்மா இருந்தாங்க, அந்த மாடிக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்ப யாரு இருக்கா? நீங்க ஏற முடியாது. விசாலம் மாமிய நாற்காலில தூக்கணும். அந்தப் படில நீங்க விழுந்து கெடந்தா நான் யாருக்குப் பதில் சொல்ல? கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைங்க ரெண்டு பேரு மாடிய வாடகைக்குக் கேக்காங்க. துலாம் மழை கழிஞ்சதும் குடுத்துரலாம்னு இருக்கேன். இனி மழைன்னா நீங்க ரெண்டு பேரும் ஸ்கூல் கேம்ப்புக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ போயிருங்க."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளை தூரத்தில் கிடந்து பயப்படுகிறான். ஆனால் உன் மாடிக்கு வேறு பூட்டுத் தொங்கினால், அடுத்த மழையில் விசாலத்தின் மிஷினை எந்தக் கரண்டில் ஓட்டுவது? கேம்ப்புக்குப் போ என்றால், அவள் இழுப்போடு எவ்வளவு தூரம் போவாள்? அனிலின் அம்மாவின் சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலினைக் கெடாமல் எங்கே வைப்பது? "துலாம் மழைக்கு நான் என் காலால ஏறுனா குடுக்காம இருப்பியா?" என்று கேட்டேன்.

"ஏறிக் காட்டுங்க, அப்பறம் பேசுவோம்" என்றான். நடக்காது என்று நினைத்துச் சொன்னான். குரலில் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு நேரே அனிலைக் கூப்பிட்டேன், ஆட்டோவை எடு என்றேன். நீ கூட்டிப்போன அதே ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற பெண் என்ன உபத்திரவம் என்று கேட்டாள். "முட்டு, முட்டு, ரெண்டு முட்டும்" என்று வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எப்படி நடந்தீர்கள் என்றார். பின்னால் ஒருத்தி தள்ளினாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலில் வலது கால், அது தேறின பிறகு இடது என்று முடிவாயிற்று.

மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று எனக்கு ஒரு பயம் உண்டு, உனக்கும் தெரியும். மகள் மதுரையிலிருந்து வந்து, "இந்த வயசுல எதுக்கும்மா, பேசாம எங்கூட வந்துரு" என்றாள். "ஒன் வீட்டுல மாடி இருக்கா?" என்றேன். "லிப்ட்டே இருக்கு" என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? மேசையில் படுத்ததும் முருகா என்றும் கூப்பிடவில்லை, தாயே என்றும் கூப்பிடவில்லை, ஞானம் என்றுதான் கூப்பிட்டேன். அங்கே நின்ற நர்ஸ், அது யாரு மகளா என்று கேட்டாள். அதற்குள் எனக்கு நினைவு போய்விட்டது. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், பேசிக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். பயத்திலேயே தூங்கிவிட்டேன் போல.

அடுத்த வாரங்களைப் பற்றிக் கேட்காதே. காலை மடக்கச் சொல்வார்கள், மடக்கினால் உயிர் போகும். பிசியோதெரபி செய்கிற பெண் சின்னப் பிள்ளை, சிரித்துக்கொண்டே வதைப்பாள். "அம்மே, கரஞ்சோ, பட்சே நிறுத்தக்கூடாது" என்பாள். அழுதாலும் சரி, நிறுத்தாதே என்று அர்த்தம். நான் அழுதேன், அவளைத் திட்டினேன், நிறுத்தவில்லை. விசாலம் தினமும் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். எண்ணிக்கையில் ஏமாற்றுவாள், ஏழுக்கு அப்புறம் மறுபடியும் அஞ்சு என்பாள். கேட்டால், இழுப்பில் மறந்துபோயிற்று என்பாள்.

கன்னி மாசம், நம் புரட்டாசியில், கம்பு இல்லாமல் நடந்தேன். படி ஏறவும் சொல்லிக் கொடுத்தாள் அந்தப் பெண். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் பண்ணின கால் முதலில். ஆஸ்பத்திரிப் படியில் மேலும் கீழும் ஏறி இறங்கினேன். இனி எங்கே வேண்டுமானாலும் ஏறலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அப்புறம் உன் படிக்கு வந்தேன். திருப்பம் வரை சுகமாக ஏறினேன். திருப்பத்தில் நின்றேன். கால் பூட்டவில்லை, வலிக்கவில்லை. ஆனாலும் நின்றேன். நின்று பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஈரமாக இருக்கிறது, வழுக்கும் என்று விசாலத்திடம் சொன்னேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

விசாலம் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கத்திப் பேசுகிறவள் இல்லை, மூச்சும் கிடையாது. "கோமதி, கால் நன்னாத்தான் இருக்கு. அன்னிக்கு அனில் தூக்கறேன்னான், அப்பவும் நீ போகலை. அவ இல்லாத ரூமைப் பாக்க ஒனக்குத் தைரியம் இல்லை. அதானே?"

அதேதான், ஞானம். நீ போனதிலிருந்து நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. அன்றைக்கு மழையில் கட்டிலில் உட்கார்ந்திருந்ததும் முட்டுக்காக மட்டும் இல்லை. முட்டு வலி நிஜம்தான். ஆனால் வலித்தாலும் தவழ்ந்தாவது போயிருப்பேன், மேலே நீ இருந்திருந்தால். பாவம் இந்த முட்டு, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் என்று எல்லாப் பழியையும் அதன்மேலேயே போட்டேன். அதை வெட்டி எடுத்துப் புதுசு வைத்த பிறகு பழி போட வேறு இடம் இல்லாமல் போயிற்று.

"ஆமாட்டி, தைரியம் இல்ல" என்றேன் விசாலத்திடம். "எனக்கும் இல்லை" என்றாள் அவள். "மிஷின் போட்டுண்டு கண்ணை மூடிண்டு படுத்துண்டேன் அன்னிக்கு. ஒண்ணையும் பாக்கலை. நீ முன்னால போ, நான் பின்னால வரேன்."

அவள் எனக்குப் பின்னால் நின்று என்னத்தைத் தாங்குவாள்? இரண்டு படிக்கு ஒருதரம் நின்று இழுக்கிறவள். ஆனாலும் பின்னால் ஒரு ஆள் வருகிற சத்தம் கேட்டது. நல்ல காலை முதலில் வைத்தேன். திருப்பம் திரும்பினேன். ஏறினேன். கதவைத் திறந்தேன்.

புழுக்க வாடை. உன் கட்டிலில் விரிப்பு இல்லை. சுவரில் உன் சபைக் காலண்டர் மகரத்திலேயே நிற்கிறது. ஒரு மூலையில் அன்றைக்கு நாங்கள் அனுப்பிய அரிசி, வண்டு வைத்துப்போய் அப்படியே இருக்கிறது. நீ இல்லை. நீ எங்கேயும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். விசாலம் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லாவே அழுதோம், ஞானம், யாரும் எங்களைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டியும் இருக்கவில்லை.

அப்புறம் எழுந்து ஜன்னலை எல்லாம் திறந்தேன். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விசாலம் ஞாபகப்படுத்தினாள். வண்டு வைத்த அரிசியைக் காக்கைக்குப் போட்டோம். ஜெபராஜுக்கு வீடியோ கால் போட்டேன். "எங்க இருக்கிய பெரியம்மா?" என்றான். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கட்டில், காலண்டர், ஜன்னல். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அம்மா அறையை அவனும் பார்க்காமல்தான் இருந்திருக்கிறான்.

அப்புறம் திரும்பி, "யாரு தூக்கிட்டு வந்தா?" என்றான்.

"எங்காலு தூக்கிட்டு வந்துச்சு. விசாலம் பொறத்த வந்தா."

"எறங்கும்போது?"

"எறங்கிட்டுக் கூப்பிடுதேன்."

இறங்கிவிட்டுக் கூப்பிட்டேன். அவன் அதற்குள் யோசித்து வைத்திருந்தான். அடுத்த இடவப்பாதி கழிகிறவரை யாருக்கும் கொடுக்கவில்லை, அதற்கப்புறம் பார்ப்போம் என்றான். படிக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடச் சொல்கிறேன் என்றான். ஒரு வருஷமாவது கிடைத்ததே என்று விசாலம் சொன்னாள். எனக்கு அது போதாது. அடுத்த வருஷமும் கேட்பேன், அதற்கடுத்ததும் கேட்பேன், கொடுக்கிறவரை அவன் காதைப் பிடித்துத் திருகுவேன். உன் மகன்தானே, எனக்கு இல்லாத உரிமையா?

இப்போது ஐப்பசி, துலாவர்ஷம் தொடங்கிவிட்டது. இரண்டு தடவை அலர்ட் வந்தது. சாமான் முதலில், ஆள் அப்புறம் என்ற உன் முறையை நான் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது ஆள் முதலில். ஆள் ஏறின பிறகுதான் அரிசி ஏறும். போன தடவை மாடியில் அனிலின் அம்மா, விசாலம், புதிதாகக் கால்வாய்க்கரையில் குடிவந்திருக்கிற ஒரு கர்ப்பிணிப் பெண், நான். அடுப்பை ஏற்றிக் கஞ்சி வைத்தோம், பயறு தாளித்தோம். உப்பு கூடிப்போயிற்று என்று அனிலின் அம்மா முகத்தைச் சுளித்தாள். நீ இருந்தால் அவளுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய், எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இடது முழங்காலுக்குத் தை மாசம் நாள் குறித்திருக்கிறது. உன் நினைவு ஜெபம் முடிந்து மறுவாரம் போய்ப் படுக்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயந்துகொண்டே போவேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். இந்தச் சந்தில் தண்ணீர் ஏறுகிற காலம் வரைக்கும் உன் மாடி திறந்திருக்கும். என்னால் முடிகிறவரை நான் திறப்பேன். எனக்கப்புறம் யார் திறப்பது என்பதற்கும் ஒரு ஆளைப் பிடித்து, அவளை மிரட்டி, படி ஏறப் பழக்கி வைத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன். எனக்குத் துணை வேண்டும் அக்கா, வாங்க என்று நீ அங்கிருந்து கூப்பிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். கூப்பிடாதே. இங்கே ஆள் கிடைக்கிறவரை நான் வர மாட்டேன்.

நீ கூப்பிட்டும் வராத முதல் தடவையாக,
உன் அக்கா
கோமதி